குதிரைக்குப் பல்லி உத்தரவு, விமானத்துக்கு நோட்டீஸ்

நாமக்கல்,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள தம்பி சுவாமிநாதனுக்கு,

அக்கா பழனியம்மாள் எழுதுவது. கோயமுத்தூரில் நீயும் உன் வீட்டாரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பதிலுக்கு நானும் சுகம் என்று எழுதுவதுதான் முறை. இந்தத் தடவை அப்படி எழுதினால் பொய்யாகிவிடும். சரியாகத் தூங்கி இரண்டு வாரம் ஆகிறது. வாசலில் ஜீப் சத்தம் கேட்டால் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. கையெழுத்து கோணலாக இருந்தால் அதற்குக் காரணம் வயது என்று எடுத்துக்கொள். பயம் என்று எடுத்துக்கொள்ளாதே.

முதலில் ஒரு திருத்தம். நான் விமானக் கொட்டகையில் முட்டை வியாபாரம் செய்கிறேன் என்று நம் சொந்தத்தில் ஒரு பேச்சு ஓடுகிறது. ராசிபுரத்துக் கல்யாணத்தில் என் காதுபடவே பேசினார்கள். அது தவறு. அங்கே ஒரு முட்டைகூட இருந்ததில்லை. இருந்தவை முட்டை அடுக்கும் அட்டைகள், அதுவும் காலி அட்டைகள். அவையும் என்னுடையவை அல்ல. என் கொழுந்தனார் செங்கோட்டையனின் கோழிப்பண்ணையைச் சேர்ந்தவை. கோயில் குதிரையை நான் தெருவில் தள்ளினேன் என்பது இரண்டாவது பேச்சு. அதுவும் தவறு. குதிரை முறைப்படி உத்தரவு பெற்றுக்கொண்டுதான் போயிற்று. உன் மருமகளுக்கு நீ இதை வாசித்துக் காட்டுவாய் என்பதால், உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன். அவள் அரைகுறையாகக் கேட்டுவிட்டுப் போனில் நாலு பேரிடம் சொல்ல வேண்டாம்.

உன் மச்சான் நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டிப் பிழைத்த மனிதர். பட்டறையில் சம்பாதித்ததில் தோட்டம் வாங்கியிருக்கலாம். அவர் இரண்டு பேர் உட்காரும் பழைய விமானம் ஒன்றை வாங்கினார். ராசிபுரத்துக்கு அப்பால் இருக்கும் தனியார் விமானத் திடலில் அதற்கு ஒரு ஹேங்கரையும் பிடித்தார். ஹேங்கர் என்றால் விமானம் நிறுத்தும் கொட்டகை. நம் ஜனங்கள் ‘பிளேன் கொட்டாய்’ என்கிறார்கள். ஞாயிறுதோறும் காலையில் பறந்துவிட்டு, பசிக்கிற நேரத்துக்கு இறங்கிவிடுவார். கிளம்பும் முன் ஒவ்வொரு வாரமும், “வாரியா பழனி?” என்று கேட்பார். “அடுப்புல வேலை கெடக்குதுங்க” என்பேன். கொல்லிமலை பஸ்ஸில் எழுபது வளைவையும் கண்ணை மூடிக்கொண்டே கடக்கிறவள் நான். நாமக்கல்லிலேயே இத்தனை வருஷம் குடியிருந்தும் மலைக்கோட்டைப் படியில் கால் வைத்ததில்லை. அவர் மேலே இருப்பார், நான் கீழே தண்ணீர்ப் பாட்டிலோடு நிற்பேன். இருவருக்கும் அது திருப்தியான ஏற்பாடாக இருந்தது. அவர் போய் நான்கு வருஷம் ஆகிவிட்டது. விமானம் அவர் நிறுத்திய இடத்திலேயே நிற்கிறது. திடலில் பறக்கக் கற்றுக்கொடுக்கும் தமிழினி என்கிற பெண், மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு வந்து மாதம் ஒரு தடவை இன்ஜினை ஓடவிட்டு அணைக்கிறாள். நான் தள்ளி நின்று காதைப் பொத்திக்கொண்டு கேட்பேன். அந்தச் சத்தம் எனக்கு அடுத்த மாதம் வரைக்கும் போதும்.

இனி சாமான்கள் சேர்ந்த கதை. ஓரிடம் சும்மா கிடக்கிறது என்று நம் சொந்தத்துக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்பது உனக்குத் தெரியும். ஏனென்றால் முதலில் வந்தவன் நீ. உன் மகள் சித்ராவின் கல்யாண மேடையில் போட்ட சோபாவை, “ரெண்டே நாள், அக்கா” என்று சொல்லி இறக்கினாய். சிவப்பு வெல்வெட், இரண்டு கையிலும் தங்கப் பூச்சுச் சிங்கம். சித்ராவின் பெரிய பையன் இப்போது பால்வாடிக்குப் போகிறான். சோபா இன்னும் என்னிடம் இருக்கிறது. அடுத்துச் செங்கோட்டையனின் அட்டைகள், மழையில் நனையாமல் இருக்க. அதற்கடுத்து நம் ஊர் மாரியம்மன் கோயில் திருப்பணி ஆரம்பித்ததும், ஆத்தாளின் குதிரை வாகனம். யானை அளவுக்கு உயரம், முன்னங்கால் இரண்டும் மேலே தூக்கி, கண்ணை உருட்டிக்கொண்டு நேராக விமானத்தின் மூக்கைப் பார்த்தபடி நின்றது. தர்மகர்த்தா கண்ணுசாமி கேட்டு வந்தபோது மறுக்க முடியவில்லை. கோயில் காரியத்துக்கு இடம் இல்லை என்று சொன்னால் அப்புறம் எந்த விசேஷத்துக்குப் போய் எந்தப் பந்தியில் உட்காருவது?

இப்படி இருக்கும்போதுதான் நோட்டீஸ் வந்தது. பக்கத்து ஹேங்கரில் யாரோ தீபாவளிப் பட்டாசைப் பெட்டி பெட்டியாக அடுக்கியிருந்ததைத் திடல் நிர்வாகம் கண்டுபிடித்துவிட்டதாம். அதனால் எல்லோருக்கும் எச்சரிக்கை. விமானத்துக்குத் தொடர்பில்லாத எந்தப் பொருளும் ஹேங்கரில் இருக்கக் கூடாது, திங்கட்கிழமை சோதனைக்கு வருவோம், இருந்தால் ஹேங்கர் ரத்து, விமானத்தை அன்றைக்கே வெளியே எடுக்க வேண்டும். வெளியே எடுத்து எங்கே வைப்பது, சுவாமிநாதா? வீட்டு வாசலில் காரே நிற்காது. வெயிலிலும் மழையிலும் நிறுத்தினால் ஒரு வருஷத்தில் போய்விடும் என்கிறாள் தமிழினி. அவர் கையால் துடைத்துத் துடைத்து வைத்திருந்த பொருள். வேறு எந்தப் பொருளைக் கேட்டிருந்தாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டிருப்பேன். இதை விட முடியாது. நோட்டீஸைப் படித்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்தது உன் சோபாவில்.

செங்கோட்டையனைக் கூப்பிட்டு அட்டைகளை எடுக்கச் சொன்னேன். சொந்தக்காரரிடம் உங்கள் பொருளை எடுங்கள் என்று சொல்வது எவ்வளவு பெரிய அவமானம் என்று அவன் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். “ஏனுங்க அண்ணி, வெறும் அட்டைதானுங்களே, அது உங்ககிட்ட சோறா கேட்டுச்சு?” என்றான். “பிளேனும் சும்மா நிக்குது, அட்டையும் சும்மா நிக்குது. ரெண்டுக்கும் சண்டையாக்கும்?” நான் விதியை எடுத்துச் சொன்னேன். “அப்ப கோழி ரெக்கை உள்ள பொருள்தானுங்களே, அதைக் கட்டிப்போட்டா உடுவாங்களா?” என்று கேட்டுவிட்டு லாரியில் அட்டையை ஏற்றினான். ஏற்றியது சரி. அட்டைகளுக்கு அடியில் ஒரு எலிக் குடும்பமே இருந்தது. எல்லாம் நாலாபக்கமும் ஓடின. ஒன்று மட்டும் விமானத்தின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறி உள்ளே போய்விட்டது. நான் கத்தினேன் என்று செங்கோட்டையன் ஊரெல்லாம் சொல்கிறான். நான் கத்தவில்லை. சற்று உரக்கப் பேசினேன். உள்ளே எத்தனை வயர் ஓடுகிறது, அதில் எதை அது கடிக்கும் என்று யாருக்குத் தெரியும்? உடனே சேலம் செவ்வாய்ப்பேட்டைக்குப் போன் போட்டு மருந்தடிக்கும் ஆளை வரவழைத்தேன். அவன் மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டுப் புகை போட்டான். மறுநாள் திறந்தபோது கொட்டகையில் ஒரு கொசு இல்லை, ஓர் எறும்பு இல்லை. எனக்கு அவ்வளவு நிம்மதி. அந்த நிம்மதிதான் நான் செய்த பெரிய தப்பு.

ஏனென்றால் அடுத்து குதிரை. கண்ணுசாமியிடம் குதிரையை எடுத்துப் போகச் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “ஏனம்மிணி, நோட்டீஸ் ஒட்டுனா ஆத்தா எந்திரிச்சுப் போயிருவாளா? பல்லி சொல்லோணும்.” உன் மருமகள் டவுனில் வளர்ந்தவள், அவளுக்காகச் சொல்கிறேன். நம் ஊர்க் கோயிலில் எதைத் தொடுவதானாலும் பல்லி வாக்குக் கேட்பார்கள். பெரியவர்கள் சத்தமில்லாமல் உட்கார்ந்திருப்பார்கள். வலப்பக்கம் பல்லி சத்தம் போட்டால் உத்தரவு. இடப்பக்கம் என்றால் கூடாது. சொல்லவே இல்லை என்றால் சொல்லும் வரை உட்கார வேண்டும். நான் சேலத்தில் கன்னியாஸ்திரீகளிடம் படித்தவள். பல்லியிலும் சகுனத்திலும் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனால் எனக்கு நம்பிக்கை இல்லை என்பது குதிரையை நகர்த்தப் போதுமான காரணம் அல்ல.

சனிக்கிழமை காலை கண்ணுசாமியும் ஊர்ப் பெரியவர்கள் நாலு பேரும் வேட்டியை மடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள். இரண்டு பேர் உன் சோபாவில், மற்றவர்கள் விமானத்தின் இறக்கைக்கு அடியில் பாய் போட்டு. பல்லி சொல்லவில்லை. எப்படிச் சொல்லும்? கொட்டகையில் பல்லியே இல்லை. பூச்சியெல்லாம் செத்ததும் பல்லிகள் வேறிடம் பார்த்துப் போய்விட்டன. இதைக் கண்டுபிடித்ததும் கண்ணுசாமி தலையில் கை வைத்துக்கொண்டார். “மருந்தடிச்சுப் போட்டீங்களா! ஆத்தா வாயவே அடைச்சுப் போட்டீங்களே!” வெளியிலிருந்து ஒரு பல்லியைப் பிடித்து வந்து விட்டால் என்ன என்று கேட்டேன். ஐந்து பேரும் ஒரே சமயத்தில் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. “புடிச்சுட்டு வந்த பல்லி நீங்க சொன்னதத்தான் சொல்லும். ஆத்தா சொன்னதச் சொல்லுமா?” என்றார் ஒருவர். பிறகு அவர்களே கூடிப் பேசி, குதிரைக்கு மேலே ஒரு குண்டு பல்பு கட்டினார்கள். வெளிச்சம் இருந்தால் பூச்சி வரும், பூச்சி வந்தால் பல்லி வரும் என்பது திட்டம். பூச்சியைக் கொல்லவும் நானே ஆள் வைத்தேன், அதே வாரத்தில் பூச்சியை வரவழைக்கக் கரண்டும் நானே கொடுத்தேன். கொட்டகைக்குள் அடுப்பு கூடாது என்பதும் விதி. அதனால் ராசிபுரத்திலிருந்து இட்லியும் காபியும் ஆட்டோவில் வந்தன. ஞாயிறும் போயிற்று. நான் கதவோரம் நின்றபடி அவர்கள் முகத்தைப் பார்ப்பதும், குதிரை முகத்தைப் பார்ப்பதும், ரோட்டைப் பார்ப்பதுமாக இருந்தேன்.

நேற்று, திங்கட்கிழமை, ஜீப் வந்தது. மேனேஜர் மோகன்குமார் நல்ல பையன்தான், ஆனால் கையில் எழுதும் அட்டையும் பேனாவும் வைத்திருந்தால் யாராக இருந்தாலும் எனக்குப் பயம். உள்ளே வந்து ஐந்து பெரியவர்களைப் பார்த்தான்.

“மேடம், இவங்கல்லாம் யாரு?”

“விருந்தாளிகள்” என்றேன்.

“என்ன பண்றாங்க?”

பல்லிக்குக் காத்திருக்கிறார்கள் என்று என் வாயால் சொல்ல முடியுமா? “ஓய்வெடுக்கிறார்கள்” என்றேன். அவன் குதிரையை நிமிர்ந்து பார்த்தான். குதிரையும் அவனைப் பார்த்தது. “இதுக்கும் விமானத்துக்கும் என்ன மேடம் சம்பந்தம்?” நான் பதில் தேடிக்கொண்டிருக்கும்போதே கண்ணுசாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார். எனக்கு உதவி செய்வதாக நினைத்துக்கொண்டுதான் எழுந்தார். அதை இப்போதும் நம்புகிறேன்.

“ஏனுங் தம்பி, இந்தக் குதிரை வருசத்துக்கு ஒரு நாளாச்சும் ஊரைச் சுத்தி வருதுங்க. அந்தா நிக்குதே உங்க பிளேனு, நாலு வருசமா ஒரு அடி நவுந்துச்சுங்களா? இதுல எது கொட்டாய்க்குச் சம்பந்தமில்லாதது, நீங்களே சொல்லுங்.”

மோகன்குமாரின் பேனா நின்றது. அவன் மெதுவாக விமானத்தின் பக்கம் திரும்பினான். “நாலு வருஷமா பறக்கலையா மேடம்?” அந்த நேரத்தில், சுவாமிநாதா, நான் சொல்வதை நம்பு, விமானத்துக்குள்ளிருந்து, ஓட்டுகிறவருக்கு வலப்பக்கத்து சீட்டிலிருந்து, தெளிவாக, தட் தட் தட் என்று பல்லி சத்தம் போட்டது. புகைக்குத் தப்பி அது கண்ணாடிக் கூண்டுக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. “உத்தரவு குடுத்துட்டா!” என்று ஐந்து பேரும் கூவினார்கள். மோகன்குமாரோடு வந்த எழுத்தர்கூடச் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். சற்று நேரத்தில் டிராக்டர் வந்தது, ஆட்கள் வந்தார்கள், குதிரை சகல மரியாதையோடு புறப்பட்டுப் போயிற்று. தெருவில் தள்ளியது என்பது இதுதான்.

குதிரை போனதும் கொட்டகை வெறிச்சென்று ஆகிவிட்டது. உன் சோபாவும் விமானமும்தான் மிச்சம். சோபாவைப் பட்டியலில் எழுதிவிட்டு மோகன்குமார் என்னிடம் தணிந்த குரலில் சொன்னான். பறக்காமல் நிற்கும் விமானமும் விதிப்படி சம்பந்தமில்லாத சாமான்தானாம். ஹேங்கர் யார் பேரில் இருக்கிறதோ அவர் வருஷத்துக்கு ஒரு தடவையாவது அதில் பறந்திருக்க வேண்டுமாம். ஓட்ட வேண்டியதில்லை, உட்கார்ந்து போனாலே போதுமாம். “பெரியவர் கேட்டிருக்கலைன்னா நானும் கேட்டிருக்க மாட்டேன் மேடம். கேட்டுட்டாரு. இனி நான் எழுதித்தான் ஆகணும்” என்றான். ஹேங்கர் என் பேரில் இருக்கிறது. மாதக் கடைசி வரை அவகாசம் கொடுத்திருக்கிறான்.

நேற்று ராத்திரி முழுக்க யோசித்து முடிவு எடுத்துவிட்டேன். நான் அதில் ஏற மாட்டேன். என்னால் முடியாது. நினைத்தாலே உள்ளங்கால் கூசுகிறது. பெங்களூரில் பழைய விமானங்களை வாங்கும் ஒருவர் இருக்கிறாராம். அவரை நாளை வரச் சொல்லியிருக்கிறேன். கொடுத்துவிட்டுச் சாவியை மோகன்குமார் கையில் ஒப்படைத்துவிடுவேன். பொருளைக் கட்டிக் காக்கத்தான் நான் இருக்கிறேன், அதோடு சேர்ந்து விழ அல்ல. இதில் நீ எனக்குப் புத்தி சொல்ல வேண்டாம். நீ செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. வரும் ஞாயிறுக்குள் வண்டி அனுப்பி உன் சோபாவை எடுத்துக்கொள். சிங்கத்தின் ஒரு காதை எலி கடித்திருக்கிறது. அதற்கு நான் பொறுப்பல்ல.

உன் வீட்டில் எல்லோரும் நோயில்லாமல், பகையில்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்கி வாழட்டும். சித்ராவுக்கும் குழந்தைகளுக்கும் என் ஆசி. நீ காபிக்குச் சர்க்கரையைக் குறை.

உன் அக்கா,
கு. பழனியம்மாள்

பி.கு.: வியாழக்கிழமை. மேலே எழுதியதைத் தபாலில் சேர்க்கும் முன் இதைச் சேர்க்கிறேன். வண்டி அனுப்பாதே.

பெங்களூர்க்காரர் நேற்று வந்தார். விமானத்தைச் சுற்றி நடந்து, இங்கே தட்டி அங்கே தட்டி, “ரெக்கை தனியா போயிடும், இன்ஜின் தனியா போயிடும், நடுவுல இருக்கிறது எடைக்குத்தாம்மா” என்றார். நாமக்கல்லில் கறிக்கடையில் நின்று கேட்கிற பேச்சு. எனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, “நீங்க போலாமுங்க, இது விக்கறதுக்கில்லை, நான் ஏறப் போறனுங்க” என்று என் வாயே சொல்லிவிட்டது. அவர் போன பிறகு தமிழினி என்னைப் பிடித்து உன் சோபாவில் உட்கார வைத்தாள். மோகன்குமார் வந்து பார்த்துவிட்டு, இனி இந்த ஹேங்கரில் பறக்கிற ஆள் ஒருவர் இருப்பதால், சோபாவைப் பயணி காத்திருக்கும் இருக்கை என்று பட்டியலில் மாற்றி எழுதிக்கொண்டான். உன் சோபா தப்பித்தது. நான்தான் மாட்டிக்கொண்டேன்.

மெக்கானிக் உள்ளே எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்தார். எலி போய்விட்டது, வயரைத் தொடவில்லை, முட்டை அட்டையைக் கடித்துக் கட்டிய கூடு மட்டும் கிடந்தது. அவர் சோதனையெல்லாம் முடித்து, தமிழினி முதலில் தனியாக ஒரு சுற்றுப் போய் வந்த பிறகு, இந்த ஞாயிறு விட்டு அடுத்த ஞாயிறு காலை என்னைக் கூட்டிக்கொண்டு போகிறாள். “நீங்க வேணும்னா கண்ணை மூடிக்கோங்கம்மா. நான் தொறந்து வெச்சிருப்பேன்” என்கிறாள். பல்லி இன்னும் அந்தக் கூண்டுக்குள்தான் இருக்கிறது. ஆத்தாளின் வாக்கு சொன்ன பல்லியை விரட்டக் கூடாது என்று கண்ணுசாமி வந்து காவல் நிற்காத குறை. மேலே போய் விமானம் திரும்பும்போது அது சத்தம் போட்டால், ஊரைப் பார்த்து வலமா, விமானத்தைப் பார்த்து வலமா என்று அவரிடம் கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை. எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும் அல்லவா?

ஒரே ஒரு காரியம். ஏறுகிறவர்கள் கையெழுத்துப் போடும் தாளில், அவசரம் என்றால் தகவல் சொல்ல வேண்டியவர் யார் என்று ஒரு கேள்வி இருந்தது. அந்த இடத்தில் எப்போதும் அவர் பேரை எழுதியே பழக்கம். இந்தத் தடவை உன் பேரை எழுதினேன். உன்னைக் கேட்காமல் எழுதியது முறையல்ல. போனில் பேசினால் நீ அழுவாய், நானும் ஏதாவது சொல்லிவிடுவேன். ஆகையால் உனக்குச் சம்மதமா இல்லையா என்று, நான் ஏறும் அந்த ஞாயிறுக்கு முன் என் கைக்குக் கிடைக்கும்படி, எழுத்தில் பதில் அனுப்பு.